பிள்ளைகள் கொண்டுவரும் நம்பிக்கை: தொடக்கப் பள்ளியில் நேர்மறை மனப்பான்மைப் பாடம்

கேள்வி

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் நேர்மறை மனப்பான்மை பற்றிய பாடம், பாடத்திட்டத்தில் அந்தப் பெயரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாள்தோறும் நடக்கிறது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்லப்படும் குட்டிக் கதை, நீதிபோதனைப் பாடவேளை, சுவரில் வண்ணம் தீட்டி எழுதிய பொன்மொழி, ஆண்டு விழாவுக்கு அழைக்கப்படும் தன்னம்பிக்கைப் பேச்சாளர் எனப் பல வழிகளில் அது பிள்ளைகளை வந்தடைகிறது. அதன் சாரம் எளியது: நல்லதை நினைத்தால் நல்லது நடக்கும், முடியாது என்று நினைத்தால் முடியாமலே போகும். ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இதை இப்படியே கற்பிப்பது சரிதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பொதுவாகக் கேட்டால் விடையும் பொத்தாம்பொதுவாகவே இருந்துவிடும் என்பதால், தென்காசி மாவட்டத்தை முன்வைத்து இதை ஆராய்கிறேன். 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்த இம்மாவட்டத்தில், தன்மையில் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு நிகழ்ச்சிகள் அண்மையில் நடந்தன. ஒன்று, சங்கரன்கோவில் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பெட்டிக்கடையில். மற்றது, பழைய குற்றாலம் அருவியில். மனப்பான்மை பற்றிக் குழந்தைகளிடம் பேச வரும் எவரும் இவ்விரண்டுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். சின்னப் பிள்ளைகள் பள்ளிக்குள் நுழையும்போது நம்பிக்கையோடுதான் வருகிறார்கள். அதைக் குலைப்பவை பெரியவர்களின் சொல்லும் நடத்தையும், அவர்கள் ஏற்படுத்தும் ஒப்பீடுகளும். எனவே ‘நீ நல்லபடியாக நினை’ என்று பிள்ளையிடம் போய்ச் சொல்லும் பாடம், சொல்ல வேண்டிய ஆளை விட்டுவிட்டு வேறு ஆளிடம் போய் நிற்கிறது. பிள்ளைக்குக் கற்பிக்கத்தக்கவை இரண்டு: தன் சொல்லும் செயலும் இன்னொரு பிள்ளையை என்ன செய்யும் என்பது, தனக்குள் எழும் அச்சம், கோபம், வருத்தம் ஆகியவை எதைத் தெரிவிக்கின்றன என்பது.

பாடத்தின் இரு வேர்கள்

இன்று வகுப்பறையில் புழங்கும் நேர்மறைச் சிந்தனைக்கு இரண்டு வேர்கள் உண்டு. புதிய வேர் அமெரிக்காவினுடையது. நார்மன் வின்சென்ட் பீல் 1952-இல் வெளியிட்ட நூல் நேர்மறைச் சிந்தனையை ஓர் இயக்கமாகவே ஆக்கியது. தமிழில் அந்தப் போக்குக்குத் தனி உருவம் கொடுத்தவர் எம்.எஸ். உதயமூர்த்தி. அவருடைய ‘எண்ணங்கள்’ நூலும், 1988-இல் அவர் தொடங்கிய மக்கள் சக்தி இயக்கமும், வேலை தேடி அலைந்த ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு உண்மையாகவே தெம்பு கொடுத்தன. அந்தப் பங்களிப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் பேசியது, ஊரை விட்டுக் கிளம்பவும் தொழில் தொடங்கவும் முடிவெடுக்கும் வயதில் இருந்தவர்களிடம். அதே பேச்சைச் சுருக்கி இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொண்டுபோகும்போது, முடிவெடுக்கும் அதிகாரமே இல்லாத ஒருவரிடம் முடிவின் பொறுப்பை மட்டும் ஏற்றிவிடுகிறோம்.

பழைய வேர் நம்முடைய நீதி நூல் மரபு. இங்கே ஒரு செய்தி போதிய கவனம் பெறவில்லை என்பது என் எண்ணம். ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை ஆகிய அதிகாரங்களை வள்ளுவர் பொருட்பாலில், அரசியல் பகுதியில் வைக்கிறார். அங்கே அவர் எதிரே நிற்பவன் படையும் பொருளும் துணையும் உள்ளவன், செயலாற்றும் வாய்ப்புள்ளவன். எல்லோருக்கும் உரிய இல்லறவியலிலோ இனியவை கூறல், செய்ந்நன்றியறிதல், புறங்கூறாமை, தீவினையச்சம் ஆகியவை வருகின்றன. இவை பிறரிடம் எப்படி நடந்துகொள்வது என்பது பற்றியவை. மன ஊக்கத்தை வாய்ப்புள்ளவனிடமும், சொல்லின் பொறுப்பை எல்லோரிடமும் கேட்கும் வரிசை இது. வள்ளுவர் இதைக் கல்வித் திட்டமாக வகுத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் குழந்தைக்கு எது முன், எது பின் என்று யோசிப்பவர்களுக்கு இந்த வரிசை பயன்படும். நம் பள்ளிகள் பெரும்பாலும் அதைத் தலைகீழாக்கி, ஊக்கத்தை எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்டுவிட்டு, இனிய சொல்லைப் பெரியவர்களிடம் கேட்காமல் விட்டுவிடுகின்றன.

ஆய்வுகள் காட்டுவது

குழந்தை உளவியலில் பலமுறை உறுதிப்பட்ட ஒரு முடிவு உண்டு. ஏறத்தாழ ஏழு, எட்டு வயது வரை பெரும்பாலான பிள்ளைகள் தங்கள் திறமையை உள்ளதைவிடக் கூடுதலாகவே மதிப்பிடுகிறார்கள். வகுப்பில் யார் நன்றாகப் படிப்பார்கள் என்று கேட்டால், எல்லாக் கைகளும் உயரும் வயது அது. தன்னைப் பிறரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் திறன் வளர வளர, ஆசிரியரின் தீர்ப்புகள் காதில் விழ விழ, அந்த மதிப்பீடு இறங்குகிறது. ‘எனக்குக் கணக்கு வராது’ என்ற வாக்கியத்தை எந்தப் பிள்ளையும் வீட்டிலிருந்து பையில் போட்டுக்கொண்டு வருவதில்லை. முதல் மூன்று வகுப்புகளுக்குள் யாரோ சொல்லிக் கேட்டு, பிறகு அதைத் தன் வாயால் சொல்லத் தொடங்குகிறது. அப்படியானால் இந்த வயதில் நேர்மறை மனப்பான்மையை ஊட்ட வேண்டிய தேவை எங்கே இருக்கிறது? இருப்பதைக் கெடுக்காமல் காப்பதே தேவை.

எப்படிக் கெடுகிறது என்பதற்கும் சான்றுகள் உண்டு. 1998-இல் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய சோதனைகளில், ஒரு புதிரைத் தீர்த்ததும் சிலரிடம் ‘நீ கெட்டிக்காரன்’ என்றும், சிலரிடம் ‘நன்றாக முயன்றிருக்கிறாய்’ என்றும் சொன்னார்கள். பிறகு கடினமான புதிர்கள் கொடுத்துத் தோற்க வைத்தார்கள். அதன்பின் மீண்டும் எளியவை கொடுத்தபோது, கெட்டிக்காரன் என்று பாராட்டப்பட்டவர்கள் முன்பைவிடச் சரிந்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்னேறினார்கள். இங்கே தீங்கு செய்தது திட்டு அன்று, பாராட்டு. நேர்மறையாகப் பேசினால் போதும் என்ற நம்பிக்கையை இந்த ஒரு முடிவே அசைத்துவிடுகிறது.

இதைத் தொடர்ந்து, திறமை முயற்சியால் வளரும் என்னும் ‘வளரும் மனப்பான்மை’யைப் பாடமாகவே நடத்தும் முயற்சிகள் உலகெங்கும் நடந்தன. விளைவுகள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. 2018-இல் சிஸ்க்கும் அவருடன் ஆய்ந்தவர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஒட்டுமொத்தப் பயன் சிறிது என்று கண்டார்கள். வறுமைச் சூழலிலுள்ள மாணவர்களிடம் மட்டும் சற்றுக் கூடுதல் பயன் இருக்கக்கூடும் என்றார்கள். 2019-இல் இங்கிலாந்தில் 101 பள்ளிகளின் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் நடந்த சோதனையில் கற்றலில் கூடுதல் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. அதே ஆண்டு ‘நேச்சர்’ இதழில் யேகரும் பிறரும் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டது. அதில் பின்தங்கிய மாணவர்களின் சராசரித் தரப்புள்ளி 0.10 அளவு உயர்ந்தது. அதுவும், கடினமானதை முயல்வதை உடன்படிக்கும் பிள்ளைகள் மதிக்கும் பள்ளிகளில்தான் நன்றாகத் தெரிந்தது. சூழல் இடம் கொடுத்தால் பாடம் கொஞ்சம் உதவும், சூழல் எதிராக இருந்தால் பாடம் நிற்காது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

சூழலில் முதன்மையானவர் ஆசிரியர். ரோசன்தாலும் ஜேக்கப்சனும் 1968-இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சில பிள்ளைகளை ‘இவர்கள் விரைவில் மலர்வார்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில் முதல் இரண்டு வகுப்புகளில் அப்பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். இந்த ஆய்வின் முறைகள் மீது கடுமையான விமரிசனங்கள் வந்தன. அவற்றில் நியாயம் உண்டு. ஆனால் பிந்தைய ஆய்வுகள் அனைத்தையும் 2005-இல் சீர்தூக்கிப் பார்த்த ஜுஸ்ஸிமும் ஹார்பரும் ஒன்றை ஒப்புக்கொண்டார்கள்: ஆசிரியரின் எதிர்பார்ப்பு ஏற்படுத்தும் விளைவு பொதுவாகச் சிறியது, சமூகத்தில் இழிவுபடுத்தப்படும் பிரிவுப் பிள்ளைகளிடம் மட்டும் அது பெரியதாக இருக்கக்கூடும். தென்காசிக்கு இது மிக நெருக்கமான முடிவு.

சோற்றுப் புட்டியின் பாடம்

பள்ளிகளிலும் யூடியூபிலும் சுற்றிவரும் ஒரு செய்முறையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் சோறு. ஒன்றின் மேல் ‘நன்றி’ என்று எழுதி ஒட்டுகிறார்கள். மற்றதன் மேல் ‘முட்டாள்’. பிள்ளைகள் தினமும் வரிசையாக வந்து முதல் புட்டியைக் கொஞ்சுகிறார்கள், இரண்டாவதைத் திட்டுகிறார்கள். சில நாளில் திட்டு வாங்கிய சோறு கறுத்துப் பூசணம் பிடிக்கிறது. கொஞ்சிய சோறு வெள்ளையாகவே இருக்கிறதாம். ஜப்பானியரான மசாரு எமோட்டோ பரப்பிய இந்தச் சோதனை, முறையான கட்டுப்பாடுகளோடு நடத்திக் காட்டப்பட்டதே இல்லை. தென்காசியில் ஜூன், ஜூலை மாதச் சாரல் காற்றில் மூடி சரியில்லாத எந்தப் புட்டியிலும் பூசணம் வரும். கரண்டியில் இருந்த ஈரம், புட்டி கழுவிய விதம், வெயில் படும் இடம் என்று காரணங்கள் ஏராளம்.

அறிவியல்படி பிழையானது என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. சொல் ஏன் காயப்படுத்துகிறது என்ற கேள்விக்கு இந்தச் செய்முறை பொய்க் காரணம் தருகிறது. திட்டு ஒரு பிள்ளையைப் பாதிப்பது, அப்பிள்ளைக்குக் காது இருக்கிறது, நினைவு இருக்கிறது, சுற்றி நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதால். சொன்னவர் ஆசிரியர் என்பதால், அதை நம்ப வேண்டியிருப்பதால். சோற்றுக்கு இவை எதுவும் இல்லை. தவிர, ‘முட்டாள்’ என்ற சொல்லை நாள்தோறும் வரிசையில் வந்து உரக்கச் சொல்லிப் பழகும் பிள்ளைகளின் நடுவில், அந்தச் சொல்லை ஏற்கெனவே தனக்கெனக் கேட்டுப் பழகிய ஒரு பிள்ளையும் நின்றுகொண்டிருக்கும்.

பாஞ்சாகுளம்

2022 செப்டம்பரில், முதலில் குறிப்பிட்ட சங்கரன்கோவில் பக்கத்துச் சிற்றூரான பாஞ்சாகுளத்தில் நடந்ததைத் தமிழ்நாடே காணொளியில் பார்த்தது. தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சாதிப் பள்ளிப் பிள்ளைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, இனி உங்களுக்குப் பொருள் கிடையாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்புகிறார். என்ன கட்டுப்பாடு என்று ஒரு பிள்ளை கேட்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் கைது நடந்தது. கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. தொடர்புடையவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் வரக் கூடாது என்று நீதிமன்றம் ஆணையிட்டது. சட்டம் வேகமாகவே செயல்பட்டது. இக்கட்டுரைக்கு வேண்டியது அந்தப் பிள்ளையின் கேள்வி. நேர்மறை மனப்பான்மைப் பாடம் அதற்கு என்ன பதில் தரும்? மனம் தளராதே, நல்லதையே நினை என்றா? அந்தப் பிள்ளையின் மனத்தில் திருத்த வேண்டியது எதுவும் இல்லை. காரணம் கேட்டது சரியான செயல். அந்த நேரத்தில் அங்கே இருந்தவர்களில் சரியாக நடந்துகொண்டதும் அந்தப் பிள்ளைகள்தான்.

இத்தகைய நடத்தை பிள்ளைகளின் கற்றலுக்குள் எப்படி இறங்குகிறது என்பதை கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசத்தில் நடத்திய சோதனை காட்டுகிறது. ஆறு, ஏழாம் வகுப்புகளில் படிக்கும் 642 சிறுவர்களிடம் வழிகாண் புதிர்களைக் கொடுத்தார்கள். யார் எந்தச் சாதி என்று சொல்லாதபோது, பட்டியல் சாதிச் சிறுவர்களும் மற்றவர்களும் ஏறக்குறைய சமமாகத் தீர்த்தார்கள். பெயரோடு சாதியையும் உரக்க வாசித்த பிறகு, பட்டியல் சாதிச் சிறுவர்களின் எண்ணிக்கை விழுந்தது. அதே மூளை, அதே புதிர். இடையே வந்தது அறிவிப்பு ஒன்றுதான். அச்சிறுவர்களின் மனப்பான்மை எதிர்மறையாகிவிட்டது என்று இதைச் சொல்லலாம். ஆனால் நியாயமான தீர்ப்பு கிடைக்காது என்று அவர்கள் கணித்தார்கள் என்பதே எனக்குப் பொருத்தமான விளக்கமாகப் படுகிறது. அனுபவம் கற்றுக்கொடுத்த கணிப்பு அது. அனுபவத்தை மாற்றாமல் கணிப்பை மட்டும் மாற்றிக்கொள் என்று சொல்வதில் நேர்மை இல்லை.

தென்மாவட்டப் பள்ளிகளில் மாணவர்கள் சாதி காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லி 2019-இல் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை விட்டதும், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்ததும் இதே தொடரில் வருபவை. இவையெல்லாம் பெரும்பாலும் மேல் வகுப்புகளை மனத்தில் வைத்தவை. கயிறு கட்டும் வயது பதினான்கு என்றால், யாரோடு சேர்ந்து உண்ணலாம், யார் வீட்டுக்குப் போகக் கூடாது என்று கற்கும் வயது ஏழு. தொடக்கப் பள்ளியைத் தாண்டிய பிறகு தொடங்கும் அறநெறிப் பாடம் தாமதமாகவே வந்து சேர்கிறது.

அச்சத்துக்கு ஓர் இடம்

2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனின் உயிரைப் பறித்தது. மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது. தண்ணீர் கலங்கி வருவது, சருகும் குச்சியும் சேர்ந்து விழுவது, பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுவது ஆகியவற்றைப் பார்த்ததும் கரையேறிவிடுபவர்கள் பிழைக்கிறார்கள். இவ்வட்டாரப் பிள்ளைகளுக்கு இந்த அச்சம் வேண்டும். நேர்மறை, எதிர்மறை என்று உணர்வுகளை இரண்டு பத்திகளாகப் பிரித்துக் கரும்பலகையில் எழுதும் வழக்கமான செயல்பாட்டில், அச்சம் எப்போதும் எதிர்மறைப் பத்தியிலேயே விழுகிறது. கோபமும் அழுகையும் அதற்குத் துணை.

இதே மண்ணில் இன்னொரு குரலும் உண்டு. சிறை மீண்ட பாரதியார் 1918 இறுதியிலிருந்து 1920 வரை தம் மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்தில் வாழ்ந்தார். அதற்கு முன்பே அவர் எழுதிய புதிய ஆத்திசூடி, அச்சத்தை விலக்கச் சொல்லித்தான் தொடங்குகிறது. அடிமைப்பட்ட நாட்டில் ஆள்பவரைக் கண்டு நடுங்கும் அச்சம் அவர் விலக்கச் சொன்னது. வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதை அறிவாளியின் செயலாக்குகிறார். தீவினைக்கு அஞ்சுவதற்கோ தனி அதிகாரமே தருகிறார். இரண்டையும் சேர்த்து வைத்துப் பேசினால் எட்டு வயதுப் பிள்ளைக்கே புரியும்: வெள்ளத்துக்கு அஞ்சு, தப்பான விடை சொல்ல அஞ்சாதே, உன்னைத் தொடக் கூடாத விதத்தில் யாராவது தொட்டால் வரும் அச்சத்தை மறைக்காதே, சொல். எல்லா அச்சத்தையும் ஒரே பெயரில் ஒதுக்கினால் மூன்றாவது வகை அச்சம் கொண்ட பிள்ளை வாய் திறக்காது. நேர்மறைப் பாடத்தின் மிக ஆபத்தான பக்கம் இதுவே என்று கருதுகிறேன்.

மறுப்புகள்

சமூகம் நாளையே மாறப்போவதில்லை, அதுவரை பிள்ளைக்குத் தன்னம்பிக்கையாவது வேண்டாமா என்பது வலுவான மறுப்பு. ஒடுக்கப்பட்ட வீடுகளிலிருந்து படித்து மேலே வந்த பலர் யாரோ ஓர் ஆசிரியர் தந்த நம்பிக்கையை நினைவுகூர்வதை நாம் அறிவோம். அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஆசிரியர்கள் நம்பிக்கை பற்றி வகுப்பு எடுத்தார்களா, அல்லது நம்பிக்கை வைத்தார்களா? புத்தகம் வாங்கிக் கொடுத்தார்கள், கட்டணம் கட்டினார்கள், முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள், தவறிய கணக்கை மறுபடி சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளை அதைப் பார்த்துத் தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தது. அவர்கள் தந்தது ஆசிரியரின் நடத்தை. என் வாதத்துக்கு அதுவே வலு சேர்க்கிறது.

வீட்டிலிருந்தே சோம்பலும் அக்கறையின்மையும் வருகின்றன, ஆசிரியரைக் குறை சொல்வது நியாயமா என்பது இன்னொன்று. கீழப்பாவூர், ஆலங்குளம் பக்கங்களில் பல தாய்மார்கள் பீடி சுற்றிக் குடும்பம் நடத்துகிறார்கள். மடியில் தட்டு, தட்டில் வெட்டிய இலையும் தூளும்; விளக்கு வைத்த பின்னும் கை ஓயாது. கடையில் கழித்துவிட்ட பீடிக்குக் கூலி கிடையாது என்பதால் கண்ணை அகற்றவும் முடியாது. அந்த வீட்டிலிருந்து வீட்டுப்பாடம் எழுதாமல் வரும் பிள்ளையைச் சோம்பேறி என்பது, நடந்ததைத் தவறாகப் படிப்பது. ஆசிரியரும் இதே போன்ற நெருக்கடியில்தான் இருக்கிறார். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர், இடையில் எமிஸ் எனும் கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றம். அவர்மேல் பழி போடுவது என் நோக்கமன்று. அவர் கையில் இருக்கும் கருவி எது என்று காட்டுவதே நோக்கம்.

சின்னப் பிள்ளைகளிடம் சாதி, அநியாயம் பற்றிப் பேசினால் மனம் புண்படும் என்று சிலர் தயங்குவார்கள். பேசாமல் இருப்பதால் அது பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகிறது என்றால் தயக்கம் நியாயம். ஆனால் பாஞ்சாகுளத்தில் பிள்ளைகள் அதைக் கடை வாசலிலேயே தெரிந்துகொண்டார்கள். பங்கு சமமாக இருக்கிறதா என்று மிட்டாய் பிரிக்கும் வயதிலேயே பார்க்கத் தெரிந்தவர்கள் பிள்ளைகள்.

வகுப்பறையில் என்ன செய்வது

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் எழுதப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்ற இலக்குடையது. மனப்பான்மைக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது என்பேன். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தன்னம்பிக்கைக் கதை தேவைப்படுவதில்லை. அத்திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறது. பெயர்கள் மென்மையானவை, ஆனால் ஆண்டு முழுக்க அரும்பிலேயே உட்காரும் பிள்ளைக்கு அந்தப் பெயரும் ‘மெல்லக் கற்போர்’ என்ற பழைய முத்திரையாகவே கேட்கும். எந்தப் பிள்ளை எந்த வாரம் நிலை மாறியது என்று ஆசிரியர் கவனிப்பதும், மாறாதபோது பிள்ளையின் இடத்தை மாற்றாமல் கற்பிக்கும் முறையை மாற்றுவதும் இங்கே மையம். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், கற்றல் ஏணியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறலாம் என்று அமைத்ததும் இந்த நோக்கில்தான். அதன் நடைமுறைக் குறைகள் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. தரையில் உட்கார்ந்த பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை போட்ட அந்த ஒரு யோசனை மட்டும், நூறு பொன்மொழிகளுக்கு ஈடானது.

தனிப் பாடவேளை வேண்டும் என்றால், டெல்லி அரசு 2018 ஜூலையில் தொடங்கிய மகிழ்ச்சிப் பாடத்திட்டத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: அதற்குத் தேர்வும் மதிப்பெண்ணும் இருக்கவில்லை. மனப்பான்மைக்கு மதிப்பெண் வைத்தால் பிள்ளைகள் நடிக்கக் கற்பார்கள். அந்தப் பாடவேளையில் நிஜமான நிகழ்ச்சிகளைப் பேசலாம். விளையாட்டில் ஒருவனைச் சேர்க்காமல் விட்டால் அவன் அன்று பிற்பகல் என்ன செய்தான்? சேர்த்துக்கொண்டபோது? பட்டப்பெயர் வைத்தவளிடம், அது உனக்கு வைத்தால் எப்படி என்று கேட்பதோடு நில்லாமல், அதை எப்படி நிறுத்துவது என்று வகுப்பே முடிவு செய்யலாம். மனப்பான்மையின் விளைவு என்பது பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரியும் இடம் இதுதான்.

மிச்சமிருப்பது ஆசிரியர் பயிற்சி. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் அடியையும் மனத்துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. அடி குறைந்திருப்பதைப் பார்க்கிறோம். ‘தத்தி’, ‘உருப்படாதவன்’, ‘இதெல்லாம் உனக்கு எதுக்கு’ என்பவை இரண்டாவது வகைக்குள் வரும் என்பது பயிற்சி வகுப்புகளில் வெளிப்படையாகப் பேசப்பட வேண்டும். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் இதற்கெனப் புதிய நூல் எழுத வேண்டியதில்லை. ஓர் ஆசிரியர் பாடம் நடத்தும்போது சக ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து, யாரிடம் எத்தனை கேள்வி கேட்கப்பட்டது, தவறான விடைக்குப் பின் என்ன சொல்லப்பட்டது, விடை வரும்வரை எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று குறித்துக்கொடுத்தால் போதும். ஈராசிரியர் பள்ளியில் அதற்கும் ஆள் இல்லை என்பதே இப்போதுள்ள தடை. காலிப் பணியிடங்களை நிரப்புவது பற்றிய பேச்சை, மனப்பான்மை பற்றிய பேச்சிலிருந்து பிரிக்க முடியாமல் இருப்பதும் அதனால்தான்.